கணக்கப்பிள்ளையை அசரீரியாக்காதீர்

சென்ற தவணையிலே ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றான். கையிலே தொலைபேசி, முகத்திலே வெற்றிக் களிப்பு. "சேர், சிந்துவெளி எழுத்தை வாசிச்சாச்சாம். தமிழ்தானாம். கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுது" என்றான். யார் வாசித்தார், எந்த முத்திரையை வாசித்தார், எம்முறையைக் கைக்கொண்டார் என வினவினேன். அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தொலைபேசியையே வாங்கிச் சிறிது தேடினேன். அதே எழுத்துச் சமஸ்கிருதமே என்று கணினி ஐயந்திரிபற நிறுவிவிட்டதாக இன்னொருவர் முழங்கிக்கொண்டிருந்தார். அதனை அவனுக்குக் காட்டினேன். சற்றுத் திகைத்து நின்றவன், "அது பிழையான கொம்பியூட்டர், சேர்" என்றான்.

சுற்றி நின்ற மாணவர் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மறுமொழி என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. நமக்கு வேண்டியதைச் சொன்னால் அது சரியான கணினி. வேண்டாததைச் சொன்னால் பிழையான கணினி. அந்த இளைஞனை மட்டும் நொந்து பயனில்லை. பட்டம் பெற்றோர், மேடையேறுவோர், ஏடு நடத்துவோர் எனப் பலரும் இதே அளவுகோலைத்தான் மடியிலே வைத்திருக்கின்றனர். அவன் ஒளிவுமறைவின்றிச் சொன்னான், அவ்வளவே.

புராணக் கதைகளிலே இக்கட்டான வேளையில் வானத்திலிருந்து அசரீரி எழும். அது எழுந்தபின் வாதத்துக்கு இடமில்லை. இன்று அந்த அசரீரியின் இடத்திலே கணினி அமர்த்தப்படுகின்றது. உண்மையில் அதன் தொழில் யாது? கடையிலிருந்து பேரேடு எழுதும் கணக்கப்பிள்ளையின் தொழிலே அது. வேகமும் அயராமையும் வாய்ந்த கணக்கப்பிள்ளை என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடுத்த சரக்கைத்தான் அவர் கணக்கெழுதுவார். கொடாத சரக்குக்குக் கணக்கெழுத அவரால் ஆகாது. இவ்விரு பாத்திரங்களையும் நாம் மாறாட்டம் செய்வதால் சிந்துவெளி எழுத்து வாசிக்கப்படப் போவதில்லை. நம் பிள்ளைகளின் ஆராயும் அறிவுதான் மழுங்கப்போகின்றது. இதுவே என் வாதம்.

முதலிற் சான்றுகளைப் பார்ப்போம். 1875இலே கன்னிங்காம் ஹரப்பாவிற் கிடைத்த முத்திரை ஒன்றை அச்சிலே வெளியிட்டார். 1921இல் ஹரப்பாவும் 1922இல் மொகஞ்சதாரோவும் அகழப்பட்டன. 1924 செப்டெம்பரிலே ஜோன் மார்ஷல் அந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். கி.மு. 2600 அளவிலிருந்து 1900 அளவு வரை செழித்திருந்த நகரங்கள் அவை. எழுத்துப் பொறித்த பொருள்கள் நாலாயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. நூற்றுக்கு மேற்பட்டோர் தாம் வாசித்துவிட்டதாக உரிமை கொண்டாடியுள்ளனர். எனினும் அறிஞருலகம் ஒப்புக்கொண்ட வாசிப்பு ஒன்றுகூட இல்லை.

காரணம் வெளிப்படையானது. பொறிப்புகள் மிகக் குறுகியவை. சராசரியாக ஐந்து குறிகளே கொண்டவை. ஒரே பக்கத்திற் காணப்படும் மிக நீண்ட பொறிப்பிலேனும் 17 குறிகள்தாம் உள்ளன. இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைத்திலது. எழுத்தின் ஒலி தெரியாது; எழுதப்பட்ட மொழி யாதெனத் தெரியாது; பக்கத்திலே வைத்து ஒப்புநோக்க வேறொரு பொறிப்பும் இல்லை. மூன்று கதவுகளும் ஒருங்கே அடைபட்டிருக்கின்றன. மறைமொழியிலே எழுதப்பட்ட செய்தி குறுகியதாயின், அதற்கு ஒன்றுக்கொன்று முரணான பல விடைகள் ஒருங்கே பொருந்தும் என்பதைக் குளோட் ஷனன் 1949இலேயே கணித முறையால் நிறுவினார். ஐந்து குறிகொண்ட பொறிப்பிலே தமிழும் பொருந்தும், சமஸ்கிருதமும் பொருந்தும், வல்லாரின் கையிலே வேறெம்மொழியும் பொருந்தும். பொருந்துவதெல்லாம் சான்றாகாது என்பதை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நிற்க. கணக்கப்பிள்ளை செய்த நற்பணியை மறைப்பது நன்றி கொன்றதாகும். 1964இலே பின்லாந்தில் அஸ்கோ பர்போலா, அவர் தமையனாரோ தம்பியாரோ எனப் பிரித்தறிய வேண்டாத ஒத்துழைப்போடு பணியாற்றிய சகோதரர் சிமோ பர்போலா, கணினி வல்லுநரான செப்போ கொஸ்கென்னியெமி ஆகியோர் இவ்வெழுத்தைக் கணினியிலே ஏற்றத் தலைப்பட்டனர். அதே காலத்தில் சோவியத் நாட்டில் யூரி கினோரொசொவ் தலைமையிலான குழுவும் இப்பணியில் இறங்கி, 1965இல் முதல் அறிக்கையை வெளியிட்டது. குறிகள் வரும் ஒழுங்கை நோக்கி, இது திராவிட மொழியமைப்புக்கு நெருங்கியதாகலாம் என்ற கருத்துக்கு இரு குழுவினரும் வந்தனர். இந்திய ஆட்சிப் பணியிலிருந்த ஐராவதம் மகாதேவன், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினித் துணையோடு 1977இலே வெளியிட்ட பெருந்தொகுதியில் 2,906 பொருள்களும் 417 குறிகளும் அக்குறிகளின் 13,372 வரவுகளும் அட்டவணைப்படுத்தப்பட்டன. சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் புள்ளிவிவரவியல் கற்பித்த கிப்ட் சிரோமனி, நீண்ட பொறிப்புகளை உறுப்புகளாகப் பிரித்துக் காணும் முயற்சியிலே கணினியைப் பயன்படுத்தினார்.

இவ்வுழைப்பாலே தெரியவந்தவை எவை? சில குறிகள் பொறிப்பின் தொடக்கத்தை விரும்புகின்றன; சில முடிவை விரும்புகின்றன. சாடி போலத் தோன்றும் ஒரு குறி, மொத்த வரவுகளிலே ஏறத்தாழப் பத்திலொரு பங்கைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் இறுதியிலே வந்து நிற்கின்றது. மீன் வடிவக் குறிகள் ஒன்றையொன்று அடுத்து வருகின்றன. கைக்கு வந்தபடி கீறப்பட்ட அலங்காரமாயின் இத்தகைய ஒழுங்கு காணப்படாது. இது பெரும்பேறு. கண்ணாலும் கையாலும் பார்த்தால் ஓர் ஆயுட்காலம் செல்லக்கூடிய வேலையை இயந்திரம் செய்து தந்தது.

ஆயின், அந்த 417 என்ற எண் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் அசரீரி வாதியர் வாய்மூடி விடுகின்றனர். ஒரு மீன், தலையிலே கோடிட்ட மற்றொரு மீன். இவை இரண்டு குறிகளா, ஒரே குறியை இருவர் வெட்டிய இரு விதமா? இதனைக் கணினி முடிவு செய்யவில்லை. மகாதேவன் என்ற மனிதர், பல்லாண்டு முத்திரைகளை உற்றுநோக்கி முடிவு செய்தார். பர்போலா அதே முத்திரைகளை நோக்கி 386 குறிகள் என்றார். பிறயன் வெல்ஸ் அறுநூற்றுக்கு மேல் என்றார். பட்டியல் மாறினால் எண்ணிக்கை மாறும். எண்ணிக்கை மாறினால் இது அசையெழுத்தா, சொல்லெழுத்தா என்ற முடிவும் அசையும். எனவே, கணினியின் விடையென நாம் கும்பிடுவதன் அடியிலே மனிதரின் கண்ணும் கருத்தும் பிழையும் கிடக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு இயந்திரத்தை முன்னே நிறுத்துவது, நெய்தவனை மறைத்துவிட்டுத் தறியைப் புகழ்வது போன்றதாகும்.

அறிஞரிடையே நிகழ்ந்த ஒரு விவாதமும் இதனையே காட்டும். 2004இலே ஸ்ரீவ் பார்மர், றிச்சட் ஸ்புரோட், மைக்கேல் விற்செல் ஆகிய மூவரும் சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதும் எழுத்தே அல்ல என வாதிட்டனர். 2009இல் ராஜேஷ் ராவ், மகாதேவன் முதலியோர், ஒரு குறிக்குப் பின் எந்தக் குறி வரும் என்பதிலுள்ள நிச்சயமின்மையைக் கணினியால் அளந்தனர். அவ்வளவு பழந்தமிழ், சுமேரியம், இருக்குவேத மொழி, ஆங்கிலம் ஆகியவற்றின் அளவோடு ஒத்திருக்கின்றது என்றும், மரபணுத்தொடரின் அளவோடு ஒவ்வவில்லை என்றும் எழுதினர். உடனே நம் ஏடுகள் சில 'கணினி முடிவு கூறிவிட்டது' எனத் தலைப்பிட்டன. ஸ்புரோட் விடவில்லை, மொழியல்லாத குறியீடுகள் சிலவும் அதே அளவைத் தரக்கூடுமென மறுத்தார். இரு பக்கத்தாரிடமும் கணினி இருந்தது. இரு பக்கத்தாரும் கணக்கறிந்தவர். எதனை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வியிலேதான் அவர்கள் முரண்பட்டனர். அக்கேள்வியைத் தொடுப்பவன் மனிதன். மேலும், ராவ் குழுவினரின் அளவு முற்றிலும் சரியெனக் கொண்டாலும், அது மொழியாகலாம் என்றுதான் காட்டும். எந்த மொழி என்பதைக் காட்டாது. பழந்தமிழும் இருக்குவேதமும் ஒருங்கே அவ்வளவுக்குள் அடங்கின என்பதை நம்மவர் ஏன் வாசிக்காமல் விட்டனர்?

எழுத்துகள் உண்மையில் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதை வரலாற்றிலிருந்தே கற்கலாம். பிராமியை எடுத்துக்கொள்வோம். 1837இலே ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்த சிறுசிறு பொறிப்புகள் பலவும் ஒரே எழுத்துகளால் முடிவதைக் கண்டார். இதுவரை கணக்கு. அடுத்த படியிலே, பௌத்தத் தலங்களில் மக்கள் தத்தம் பெயரைப் பொறித்து ஒவ்வொரு கல்லாகக் கொடையளிக்கும் வழக்கத்தை நினைவுகூர்ந்தார். அம்முடிவு 'தானம்' என்ற சொல்லாகத்தான் இருக்க வேண்டும் எனத் துணிந்தார். கதவு திறந்தது. அதன்பின், கல்வெட்டுகளிலே வந்த பியதசி என்ற மன்னன் அசோகனே என்பதை இலங்கையில் அரச சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னர் பாளி நூல்களின் துணைகொண்டு காட்டினார். எண்ணிக்கை ஒரு முடிச்சைக் காட்டியது; சமுதாய வழக்கம் பற்றிய அறிவு அம்முடிச்சை அவிழ்த்தது. பிராமியின் வழிவந்த எழுத்துகளும் அம்மொழியின் உறவுமொழிகளும் உயிரோடிருந்தமை அதற்கு உதவியது.

கிரேத்தத் தீவிலே கண்டெடுக்கப்பட்ட 'லீனியர் பி' எழுத்தின் வரலாறு இன்னும் அழுத்தமான பாடத்தைத் தருகின்றது. ஆதர் எவன்ஸ் 1900இலே நொசோசில் அப்பலகைகளைக் கண்டெடுத்தார். அவை கிரேக்கமாக இருக்கவியலாது என்பது அவர் நிலைப்பாடு. தாம் கண்ட பலகைகளிற் பெரும்பாலானவற்றை வெளியிடாமலே 1941இல் மறைந்தார். நியூயோர்க்கின் புறூக்கிளின் கல்லூரியிலே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த அலிஸ் கோபர் என்ற ஆசிரியை, பகலிலே வகுப்பும் இரவிலே ஆய்வுமாக உழைத்தார். போர்க்காலத்திலே தாள் கிடைக்கவில்லை. கழிவுத் தாள்களை வெட்டி ஏறத்தாழ 180,000 துண்டுகள் செய்து, சிகரெட் பெட்டிகளிலே அடுக்கி, ஒவ்வொரு குறியையும் எண்ணினார். அச்சொற்கள் வேற்றுமையேற்று ஈறு திரிவதை நிறுவினார். மொழி எதுவென ஊகிக்க அவர் மறுத்தார்; சான்று பேசும்வரை பொறுத்திருப்போம் என்பதே அவர் நெறி. 1950இலே, விடை காணாமலே மறைந்தார். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் மைக்கேல் வென்றிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1952இலே அதனை வாசித்தார். வென்றிஸ் பல்லாண்டாக நம்பியிருந்தது எத்ருஸ்க மொழியை. வந்த விடையோ கிரேக்கம். தம் நம்பிக்கைக்கு மாறான விடை வந்தபோது அதனை ஏற்றுக்கொண்டாரே, அங்கேதான் விஞ்ஞானம் இருக்கின்றது. அவர் 'பிழையான கணக்கு' என்று சொல்லவில்லை.

சோவியத் நாட்டில் நிகழ்ந்ததையும் கூறுவேன். முற்போக்காளரென்பதால் அந்நாட்டிலே பிறந்த ஒவ்வோர் உரிமைக்கோரலையும் ஏற்க வேண்டுமென்ற கட்டாயம் நமக்கில்லை. லெனின்கிராட்டிலிருந்து ஆராய்ந்த கினோரொசொவ், மாயா எழுத்துகள் ஒலிகளைக் குறிப்பன என 1952இலே காட்டினார். அவர் கையிலிருந்தவை அச்சிட்ட ஏட்டுப் படிகளும், பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரின் குறிப்பும், இன்றும் பேசப்படும் மாயா மொழிகள் பற்றிய அறிவுமே. சில ஆண்டுகள் கழித்து, 1961 அளவிலே நொவொசிபிர்ஸ்கைச் சேர்ந்த கணிதவியலாளர் மூவர் மின்கணினியால் மாயா எழுத்தை வாசித்துவிட்டதாக அறிவித்தனர். உலக ஏடுகள் வியந்தன. கினோரொசொவ் அதனை ஏற்கவில்லை. பின்னாளில் மாயா எழுத்து வாசிக்கப்பட்டது கினோரொசொவ் காட்டிய வழியிலேயேயன்றி, அந்த இயந்திரம் காட்டிய வழியில் அன்று.

'அது பழைய இயந்திரம். இன்றைய செயற்கை நுண்ணறிவு வேறு' என்பர் சிலர். வேறுதான், ஆற்றலும் பெரிதுதான். 2019இலே மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தோர் ஈடுபட்ட ஆய்வொன்று, லீனியர் பி சொற்களில் 67.3 வீதமானவற்றை அவற்றுக்குரிய கிரேக்கச் சொற்களோடு சரியாகப் பொருத்தியது. பாராட்டுக்குரிய சாதனை. ஆனால் எந்த மொழியிலே தேடுவது என்பதை அந்த இயந்திரத்துக்கு முன்கூட்டியே கற்பித்திருந்தனர். அதனைத் தேடித் தந்தவர் கோபரும் வென்றிஸும். சிந்துவெளி எழுத்துக்கு எந்த மொழியை ஊட்டுவது? தமிழை ஊட்டினால் தமிழை உமிழும். சமஸ்கிருதத்தை ஊட்டினால் சமஸ்கிருதத்தை உமிழும். கிளிக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு, கிளி தானாகவே நம் பெயரை அறிந்ததென்று ஊரைக் கூட்டுவோமா?

ஊட்டியதை உமிழச் செய்ததற்கு ஓர் உதாரணம். 2000ஆம் ஆண்டிலே இந்தியாவில் ஜா, ராஜாராம் என்போர் சிந்துவெளி எழுத்தை வேதகாலச் சமஸ்கிருதமென வாசித்து நூல் வெளியிட்டனர். வேதத்திலே குதிரைக்குப் பெருமதிப்பு. சிந்துவெளி முத்திரைகளிலோ குதிரையைக் காணோம். எனவே ஒரு குதிரை தேவைப்பட்டது. கணினியால் மெருகேற்றிய படமொன்றில் அக்குதிரை காட்சியளித்தது. அதே ஆண்டிலே விற்செலும் பார்மரும் அதன் மூலத்தைத் தேடி எடுத்தனர். அது முன்பாதி உடைந்துபோன முத்திரை. எஞ்சியிருந்தது ஒற்றைக்கொம்புக் காளையின் பின்னுடல். இனப்பெருமை ஆணையிட்டது; கணினி குதிரை வரைந்தது. இந்துத்துவம் பேசுவோரின் இம்மோசடியைக் கண்டு நாம் கைகொட்டிச் சிரித்தோம். சிரித்தது சரி. இனி, நம் வீட்டு முற்றத்தையும் சிறிது பெருக்குவோம்.

திராவிடக் கருதுகோளை நான் இகழ்பவன் அல்லன். பலூசிஸ்தானத்திலே இன்றும் பிராகுயி என்ற திராவிட மொழி பேசப்படுகின்றது. இருக்கு வேதத்திலே திராவிடச் சொற்கள் சில கலந்துள்ளன எனப் பல மொழியியலாளர் கருதுகின்றனர். மீன் என்ற சொல் நீர்வாழ் உயிரையும் விண்மீனையும் குறிப்பதைக் கொண்டு, ஹேராஸ் பாதிரியார் தொடங்கி வைத்த விளக்கத்தைப் பர்போலா வளர்த்தார். ஆறு கோடும் மீனும் அறுமீன்; ஏழு கோடும் மீனும் எழுமீன். கார்த்திகைக்கும் சப்தரிஷி மண்டலத்துக்கும் பழந்தமிழிலே வழங்கிய பெயர்கள் இவை. படிக்கும்போது தமிழன் மனம் துள்ளத்தான் செய்யும். என் மனமும் துள்ளியது. இருக்கும் கருதுகோள்களிலே வலுவானது இதுவென்று கருதவும் இடமுண்டு. ஆனால் கருதுகோள் கருதுகோளே. அதனை முன்மொழிந்த பர்போலாவும் மகாதேவனும் தாம் முழுமையாக வாசித்துவிட்டதாகப் பிற்காலத்திற் கூறவில்லை. அவர்களுக்கு மாலையிடும் கூட்டத்தார்க்கு மட்டும் அந்த அடக்கம் ஏன் இல்லாது போயிற்று?

கருதுகோள் உண்மையாயினும், அது காட்டப்போவது தமிழை அன்று. சிந்துவெளி நகரங்கள் தேய்ந்த கி.மு. 1900க்கும் நம் தமிழ்ப் பிராமிப் பொறிப்புகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அங்கே பேசப்பட்டது திராவிட மொழியாயின், அது தமிழுக்கும் தெலுங்குக்கும் கோண்டிக்கும் பிராகுயிக்கும் பொதுவான மூதாதையாகவோ, அம்மூதாதையின் உடன்பிறப்பாகவோ இருந்திருக்கும். மொழி மாறாது என்று எண்ணுவது வரலாற்றுணர்வின்மை. தமிழ் கற்பிக்கும் நாமே அவ்வுணர்வின்மையைப் பரப்பலாமா?

வடிவ ஒப்புமை பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டுப் பானையோடுகளிற் கீறப்பட்ட குறிகளை ஆராய்ந்து, சிந்துவெளிக் குறிகளில் ஏறத்தாழ 60 வீதமானவற்றுக்கு ஒப்பான வடிவங்கள் அங்குண்டு என அம்மாநிலத் தொல்லியல் துறையின் ஆய்வொன்று தெரிவித்தது. தொகுத்தளித்த உழைப்பு போற்றத்தக்கது. நம் ஆனைக்கோட்டையிலே 1980இல் பெருங்கற்காலப் புதைகுழியிற் கிடைத்த முத்திரையிலும் மேலே மூன்று குறிகளும் கீழே பிராமி எழுத்துகளும் உள. இவற்றை ஒப்பிடுவது நல்லாய்வே. ஆயின் வடிவம் ஒத்தால் ஒலியும் ஒக்கும் எனக் கொள்வது தவறு. உரோம எழுத்திலே பகரவொலி தரும் அதே வடிவம் உருசிய எழுத்திலே ரகரவொலி தருகின்றது. ஒரு குடும்பத்துப் பிறந்த எழுத்துகளிலேயே நிலை இதுவாயின், ஆயிரமாண்டும் ஆயிரங்கல் தொலைவும் இடைப்பட்ட கீறல்களைப் பற்றி என் சொல்வது?

இவ்வாறு எழுதுபவனைத் தமிழ்ப்பகைவன் என்பர். சிறுபான்மையினராய், மொழியின் பெயரால் அடிபட்டு, நூலகம் எரியக்கண்டு வாழ்ந்த மக்களுக்குப் பழம்பெருமை ஒரு மருந்தன்றோ என உருக்கமாகவும் கேட்பர். அவ்வலியை நான் அறிவேன். ஆனால் மொழிக்குரிய உரிமை, அம்மொழி ஐயாயிரம் ஆண்டு பழமையானது என்பதிலே தங்கியிருக்கவில்லை. இன்று அதனைப் பேசி வாழும் மக்கள் உளர் என்பதிலேயே தங்கியிருக்கின்றது. நேற்றுப் பிறந்த மொழியாயினும் அதனைப் பேசும் தாய்க்குத் தன் மொழியிலே மருத்துவமனையிற் பேசவும் நீதிமன்றத்தில் வழக்காடவும் உரிமையுண்டு. உரிமையைப் பழமையின்மேற் கட்டினால், அதனினும் பழமை பேசுபவன் வந்து அதனை இடித்துவிடுவான். 'முந்தி வந்தவர் யார்?' என்ற வாதம் இந்நாட்டிலே எவ்வளவு குருதியைக் குடித்தது என்பதை நாம் மறந்துவிட்டோமா?

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? 2025 ஜனவரியிலே தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின், இவ்வெழுத்தை வாசிப்போர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு அறிவித்தார். அறிவுக்குப் பரிசு அறிவிக்கும் அரசைக் குறைகூறேன். ஆனால் விடைக்குப் பரிசிருக்கும்போது விடைகள் குவியும். சான்று அதே அளவில் நிற்கும். நமக்குக் குறைவது சான்றேயாகும். மொகஞ்சதாரோவிலே 1964-65க்குப் பின் பேரளவிலான அகழ்வு நிகழவில்லை. நகரின் பெரும்பகுதி இன்னும் மண்ணுள்ளே கிடக்கின்றது. வெளிப்பட்ட செங்கல்லை உப்பு அரிக்கின்றது. 1947இன் பிரிவினையோடு அங்கிருந்த ஆரமொன்றைக்கூட அறுத்து இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. முத்திரைகளும் அவ்வாறே பிரிந்தன. இந்தியாவிலுள்ளவற்றின் படத்தொகுதி 1987இலும், பாகிஸ்தானிலுள்ளவற்றின் தொகுதி 1991இலும், பர்போலா முதலியோரின் முயற்சியால் வெளிவந்தன. எவன்ஸ் பூட்டிவைத்த பலகைகள் நமக்கு எச்சரிக்கை. கிடைத்த ஒவ்வொரு முத்திரையின் படமும் விவரமும், விலையின்றி, எந்நாட்டு மாணவனுக்கும் எட்டும்படி திறந்து வைக்கப்பட வேண்டும். கணினிக்கு இரையிடுவதற்கும் அதுவே முதற்படி.

கதவின் சாவி சிந்துவெளிக்கு வெளியேயும் கிடக்கலாம். மெசொப்பொத்தேமியர் மெலுகா என்றழைத்த நாடு சிந்துவெளியே என்பது பெரும்பாலோர் கருத்து. மெலுகாவின் மரக்கலங்கள் தன் துறைக்கு வந்தன என அக்காத்து மன்னன் சார்கோன் பெருமை பேசினான். ஷு-இலிஷு என்பவனின் முத்திரை ஒன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவன் தன் தொழிலை அதிலே பொறித்திருக்கின்றான்: மெலுகா மொழியின் மொழிபெயர்ப்பாளன். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் துறைமுகத்திலே நின்று, இரு மொழிக்காரரின் பேரத்துக்கு இடையே வாய்கொடுத்த ஒரு தொழிலாளி! அவனோ அவன் தொழில் செய்தவரோ எழுதிவைத்த ஒரு களிமண் ஓடு கிடைக்குமாயின், உலகிலுள்ள கணினிகள் யாவும் சேர்ந்து செய்யாததை அது ஒன்றே செய்யும். கணினியும் அன்று தன் முழுப்பயனைத் தரும். மண்வெட்டியும் கணக்கும் மொழியறிவும் ஒன்றாய் நடக்க வேண்டும் என்று நான் கூறுவது இதனாலேதான்.

இறுதியாக, வாசித்தபின் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தோமா? காவியமும் மந்திரமும் கிடைக்குமெனப் பெருமை பேசுவோர் காத்திருக்கின்றனர். லீனியர் பி வாசிக்கப்பட்டபோது ஹோமரை எதிர்பார்த்தவர்க்குக் கிடைத்தவை ஆட்டுக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் தேர்ச்சில்லுக் கணக்கும். பைலொஸ் அரண்மனைப் பலகைகளிலே நூல் நூற்ற பெண்களும் அவர்தம் பிள்ளைகளும் எத்தனை பேர், அவர்க்கு அளந்த தானியமும் அத்திப்பழமும் எவ்வளவு என்றெல்லாம் எழுதியிருந்தது. சிலர் ஏமாந்தனர். எனக்கோ அவ்வரிகள் எந்தக் காவியத்துக்கும் குறைந்தவையாகத் தோன்றவில்லை. மன்னர் கதை பாடப்பட்ட நாட்டில், மன்னருக்காக உழைத்த பெண்களின் கூலி முதன்முதலாக நம் கண்ணுக்குத் தெரிந்தது.

லோதாலிலே கிடைத்த களிமண் முத்திரைப் பதிவுகளின் பின்புறத்தில் துணியின் தடமும் கயிற்றின் தடமும் பதிந்துள்ளன. எவனோ ஒருவன் பொதி கட்டினான். முடிச்சின்மேல் ஈரமண் அப்பினான். முதலாளியின் முத்திரையைப் பதித்தான். முன்புறத்து எழுத்து இன்னும் நம்மோடு பேசவில்லை. பின்புறத்துக் கயிறோ பேசிக்கொண்டேயிருக்கின்றது. அந்நகரங்களை ஆண்டவர் யார், உழைத்தவர் யார், விளைவு யாருக்குப் போயிற்று என்ற கேள்விகளை விட்டுவிட்டு, அவர்கள் நம் பாட்டனாரா பிறர் பாட்டனாரா என்ற கேள்வியோடு நிற்பது ஆராய்ச்சி ஆகாது; காணி வழக்காகும்.

அம்மாணவனிடம் பின்னர் ஒரு வேலை கொடுத்தேன். அச்சிட்ட முத்திரைப் படங்கள் சிலவற்றைத் தந்து, வகுப்பு நண்பருடன் சேர்ந்து குறிகளைத் தாள்துண்டுகளிலே வரைந்து எண்ணி வருமாறு சொன்னேன். மூன்றாம் நாளே இருவருக்குள்ளும் சண்டை. ஒருவன் கணக்கிலே முப்பத்தொரு குறிகள். மற்றவன் கணக்கிலே இருபத்தாறு. இரு துண்டுகளை என் மேசைமேல் வைத்து, "சேர், இது ரெண்டும் ஒரே குறியோ, வேறை வேறையோ?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்; எவ்வாறு முடிவு செய்யலாம் என்று அவனையே கேட்டேன். மணி அடித்தபின்னும் அவர்கள் இருவரும் அத்துண்டுகளைக் குனிந்து பார்த்தபடியே நின்றனர்.

ஆசிரிய நண்பர்களே, இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்பிப்பதே நம் தொழில்.